சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது?

ஆம்புலன்ஸில் ஷிப்ட் தொடங்கியதும் நான் செய்யும் முதல் வேலை, ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைத் திறந்து, அளவு காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. முந்தைய ஷிப்ட் ஆட்கள் பார்த்துக் குறித்து, கையெழுத்தும் போட்டிருப்பார்கள். இருந்தாலும் நானே ஒருமுறை திறந்து பார்ப்பேன். அப்புறம் சளியை உறிஞ்சும் கருவியை ஓடவிட்டு, குழாய் நுனியில் விரலை வைத்து இழுவை இருக்கிறதா என்று சோதிப்பேன். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரின் பேட்டரி, அதற்காக நெஞ்சில் ஒட்டும் பேடுகளின் காலாவதித் தேதி, குழந்தைகளுக்கான மாஸ்க், சர்க்கரை பார்க்கும் பட்டைகள், ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டுகள். எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆகும். சைரனையும் ஓட்டத்தையும் எதிர்பார்த்து வருகிற புதியவர்களுக்கு இந்த இருபது நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். எனக்கு இதன் மதிப்பு நான் செய்த ஒரு தப்பினால் புரிந்தது.

அப்போது நான் ஆம்புலன்ஸில் தன்னார்வலர். வேறொரு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் வண்டி ஏறினேன். மூச்சுத்திணறல் என்று ஓர் அழைப்பு. மூன்றாவது மாடியில், வயதான ஒருவர் கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். மாஸ்க்கைப் பொருத்தி ஆக்சிஜனைத் திறந்தேன். ஆறாவது நிமிடத்தில் மாஸ்க்கோடு இருக்கும் பை சுருங்கியது. திரும்ப உப்பவில்லை.

கணக்கு மிகச் சுலபம். தோள்பையில் எடுத்துப்போகும் சிறிய சிலிண்டரில் 340 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று திறந்தால் முழுச் சிலிண்டரே 22 நிமிடம் சொச்சம்தான் வரும். கால்வாசி இருந்தால் ஆறு நிமிடத்தைக்கூட எட்டாது. பையைத் தோளில் மாட்டியபோது நான் முள்ளைப் பார்க்கவில்லை. கூட வந்தவர் கீழே வண்டிக்கு ஓடி, இன்னொரு சிலிண்டரோடு மூன்று மாடி ஏறி வந்தார். அதுவரை அந்தப் பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிழைத்தார், மருத்துவமனையில் ஒப்படைத்தோம். ஆனால் அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் எங்கள் குழுவின் மூத்தவர் என்னைத் திட்டவில்லை. “நாம சம்பளம் வாங்காம வந்திருக்கோம்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மட்டும் அவருக்கு மூச்சு வந்துடுமா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் முறையாகப் படித்து, தேர்வு எழுதி, இதே வேலையில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. விடுப்பு நாட்களில் இன்னும் தன்னார்வலராகவும் போகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. தன்னார்வலரிடம் தொழில்காரரின் ஒழுங்கைக் கேட்க வேண்டும். தொழில்காரருக்கு, நல்ல தன்னார்வக் குழு தன் ஆட்களுக்குக் கொடுக்கும் கவனிப்பைக் கொடுக்க வேண்டும். நான் பார்த்தவரை இரண்டுமே அரிதாகத்தான் நடக்கின்றன. “பாவம், சும்மா வந்து உதவுகிறார், அவரிடம் போய் எப்படிக் குறை சொல்வது” என்று தன்னார்வலரை விட்டுவிடுகிறோம். “சம்பளம் வாங்குகிறாரே, தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்” என்று தொழில்காரரையும் விட்டுவிடுகிறோம்.

இந்த வேலையின் வரலாற்றில் இரண்டு இடங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒன்று வியன்னா. 1881 டிசம்பர் 8 அன்று அங்கே ரிங் தியேட்டர் தீப்பிடித்து எரிந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். காயம்பட்டவர்களை எடுத்துப்போக ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை. மறுநாளே யாரோமீர் முண்டி என்ற மருத்துவர், வில்செக், லமெசான் என்ற இரண்டு பிரபுக்களோடு சேர்ந்து வியன்னா தன்னார்வ மீட்புச் சங்கத்தைத் தொடங்கினார். நகரம் துக்கத்தில் உறைந்திருந்த நாளில் மூன்று பேர் உட்கார்ந்து, அடுத்த தடவை யார் வருவார்கள், எதில் வருவார்கள் என்று யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். 1960-களில் அந்த நாட்டின் பல ஊர்களில் நோயாளியை எடுத்துப்போனது போலீஸ் வண்டி, இல்லையென்றால் சவ அடக்க நிறுவனத்தின் வண்டி. படுத்த நிலையில் ஆளைக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. ஏற்றிப் போவார்கள். வழியில் சிகிச்சை என்று எதுவும் பெரிதாக இருக்காது. பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர். 1966-இல் அவருடைய மகளே ஆஸ்துமாவால் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு, ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை உருவானது. அதன் பயிற்சியை வடிவமைத்தவர் சாஃபர். வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட இளைஞர்களை எடுத்து, உடற்கூறியல், மூச்சுக்குழாய் மேலாண்மை, இதயப் பராமரிப்பு என்று சுமார் 300 மணி நேரம் பயிற்றுவித்தார்கள். நோயாளி இருக்கும் இடத்திலேயே அவர்கள் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பின்னால் வந்த பாராமெடிக் (ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் பணியாளர்) பயிற்சிக்கு அவர்களுடைய வேலை ஒரு முன்மாதிரியாக ஆனது. 1975-இல் நகர நிர்வாகம் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதில் இருந்தவர்கள் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

வியன்னாவில் இருந்தது மனசு. பிட்ஸ்பர்க்கில் அதற்குமேல் 300 மணி நேரம் இருந்தது. தன்னார்வலராகச் சேர விரும்பி என்னிடம் வருகிறவர்களுக்கு மனசு ஏற்கெனவே இருக்கிறது, இல்லையென்றால் வரவே மாட்டார்கள். நான் அவர்களிடம் கேட்பது அந்த மணி நேரங்களைத்தான்.

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்துவதையே எடுத்துக்கொள்வோம். 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். இதற்குத் தேவை இரண்டு கைகள்தான் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதுவரை அறுவை அறைக்குள் இருந்த ஒரு காரியம் நடைபாதைக்கு வந்தது அப்போதுதான். அதே ஆண்டு நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால், பயிற்சிக்கான பொம்மையைக் கொண்டுவந்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பழகிய அந்தப் பொம்மைப் பெண்.

ஆனால் பொம்மையில் பழகியதற்கும் மனித நெஞ்சுக்கும் இடையே நிறைய இருக்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அப்புறம் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். இதைத் தலைகீழ்ப் பாடமாகச் சொல்லும் ஆட்கள் உண்டு. விலா எலும்பு முறியும் சத்தம் கைக்குள் கேட்கும்போது அவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறைகிறது, அழுத்துகிறவருக்கே அது தெரிவதில்லை. அதனால்தான் சோர்வு தெரியும் முன்பே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறோம்.

அதைவிடக் கஷ்டமானது, தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது. ஒரு வீட்டில் நுழைந்தபோது மனைவி சொன்னார்: “மூச்சு விடுறார், பாருங்க, குறட்டை கேக்குது.” கேட்கத்தான் செய்தது. பத்து விநாடிக்கு ஒருமுறை, மீன் வாயைத் திறப்பதுபோலத் தாடை அசைந்து ஒரு இழுப்பு. அது மூச்சு இல்லை. இதயம் நின்றபின் மூளைத்தண்டு கடைசியாகச் செய்யும் அசைவு. இந்த இழுப்பைக் கேட்டு, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று நம்பிக் காத்திருந்த குடும்பங்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்று மட்டும் உங்களுக்கு நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் உதவிக்கு அழைத்துவிட்டு உடனே அழுத்தத் தொடங்குங்கள். குறட்டை மாதிரி சத்தம் வந்தாலும் தொடங்குங்கள்.

தன்னார்வலரின் இடம் இங்கேதான் பெரிதாகிறது. இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றவருக்கு, நெஞ்சழுத்தமும் இல்லாமல் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸ் சேவையாக இருந்தாலும் அழைப்பை எடுத்து, வண்டி கிளம்பி, மாடியேறி, கதவு திறந்து உள்ளே போகச் சில நிமிடங்கள் ஆகியே தீரும். அந்தச் சில நிமிடங்களுக்குள் வரக்கூடியவர், பக்கத்தில் குடியிருக்கும் பயிற்சி பெற்ற ஒருவர்தான். 1960-களின் நடுவில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஃப்ராங்க் பாண்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் முதன்முதலில் டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அதன் எடை 70 கிலோ. கார் பேட்டரிகளில் ஓடியது. இன்று நான் விடுப்பு நாளில் எடுத்துப்போகும் கருவியை ஒரு கையில் தூக்கிவிடலாம். எங்கே ஒட்ட வேண்டும் என்று அதுவே குரல் கொடுத்துச் சொல்கிறது. அதிர்ச்சி கொடுக்க வேண்டுமா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

அப்படி ஒரு விடுப்பு நாளில், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு ஆம்புலன்ஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். தனி ஆள். மருந்து கிடையாது, மானிட்டர் கிடையாது, தோள் கொடுக்க ஜோடி கிடையாது. அந்த வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். அப்பாவின் நெஞ்சில் என் கைக்குப் பக்கத்தில் அவன் கையை வைத்துக் காட்டி, “தம்பி, நான் பேடு ஒட்டுற வரைக்கும் நீ அழுத்து, நான் எண்ணுறேன்” என்றேன். அழுதுகொண்டே அழுத்தினான், நன்றாகவே அழுத்தினான். ஒரு அதிர்ச்சி கொடுத்தோம். எங்கள் வண்டி வந்தபோது நாடி திரும்பியிருந்தது. இதை வெற்றிக் கதையாக நான் சொல்வதில்லை. நல்ல ஏற்பாடு உள்ள பல நாடுகளிலும், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று சிகிச்சை தொடங்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். மற்ற ஒன்பது வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன்.

பெரும்பாலான அழைப்புகளில் இதயம் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை செய்வது கண்ணும் காதும். உளறிக்கொண்டு, வியர்த்து, தள்ளாடுகிற ஒருவரைச் சுற்றி நின்ற கூட்டம் “குடிச்சிருக்கான், விடுங்க” என்றது. விரல் நுனியில் ஒரு குத்து, இரத்தச் சர்க்கரை 38. சர்க்கரை ஏற்றியதும் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, தன் செருப்பு எங்கே என்று கேட்டார். பக்கவாதம் என்றால் நான் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று நேரம் பற்றியது: “கடைசியா எத்தனை மணிக்கு இவங்களை நல்லா இருந்த நிலையில பார்த்தீங்க?” எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் வேறு பதில் வரும். இரவு பத்து மணிக்கு நன்றாகத் தூங்கப் போனவரைக் காலை ஆறு மணிக்குக் கண்டுபிடித்தார்கள் என்றால் கணக்கு பத்து மணியிலிருந்து தொடங்குகிறது. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். அந்த ஒரு பதிலைச் சரியாகக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவமனையில் எத்தனையோ முடிவுகள் வேகமாகின்றன. கேள்வி கேட்கச் சம்பளமும் வேண்டாம், கருவியும் வேண்டாம், எந்தக் கேள்வி என்று தெரிந்திருந்தால் போதும்.

வேகத்தைப் பற்றியும் புதிய தன்னார்வலர்களோடு எனக்கு வாக்குவாதம் வருவதுண்டு. சைரன் போட்டுப் பறப்பதால் மிச்சமாவது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். விபத்து ஆபத்தோ கூடுகிறது. நாங்களே மோதி நின்றுவிட்டால், கூப்பிட்டவருக்கும் ஆள் இல்லை, எங்களுக்கும் இன்னொரு வண்டி வர வேண்டும்.

இனி மரணம். ஒரு வீட்டில் நாற்பது நிமிடம் போராடிவிட்டு, கையை எடுத்தபின் யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும். நம் மொழியில் சாவுக்கு மென்மையான சொற்கள் நிறைய. “போயிட்டாரு” என்று ஒருமுறை சொன்னேன். “எந்த ஆஸ்பத்திரிக்கு?” என்று கேட்டார் அந்த அம்மா. அன்றைக்குப் பிறகு நான் அந்தச் சொல்லை அங்கே பயன்படுத்துவதில்லை. உட்கார்ந்து, அவர்கள் கண் மட்டத்துக்கு வந்து, பெயரைச் சொல்லி, “இறந்துட்டார்” என்கிறேன். கொடூரமாகத் தோன்றும். ஆனால் புரியாமல் இருக்கும் அரை நிமிடம் அதைவிடக் கொடூரம். அப்புறம் பேசாமல் இருக்கிறேன். அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்ள எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இப்போது நான் சொல்லித்தருகிறேன்.

இங்கேதான் தொழில்காரர்களின் பக்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். ஒப்படைத்துவிட்டு வண்டிக்கு வந்து, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, புது விரிப்பு போட்டேன். விரிப்பின் ஓரத்தை மடக்குவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது, கணுக்கால் சுளுக்கு. போனோம். கட்டுப் போட்டோம். அந்த நோயாளி, தாமதமாக வந்ததற்காகக் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான், அவருக்கு எதுவும் தெரியாது. அன்று அப்படி இன்னும் நாலு அழைப்பு. ஷிப்ட் முடிந்து கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போனேன். என்னோடு வந்த டிரைவரும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

அதே ஆண்டில் தன்னார்வக் குழுவோடு போனபோதும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஓர் இரவு. அன்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் அந்த வண்டியை உடனே அடுத்த அழைப்பிலிருந்து விடுவித்தார். அரை மணி நேரம் வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருந்தோம். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எதைச் செய்ய முடிந்தது என்று மூன்று பேரும் சொன்னோம். இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார். “தூங்குனியா?” என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்தார். “அடுத்த வாரம் வர முடியலைன்னா தயங்காம சொல்லு” என்றார். இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. ஒரு வண்டிக்கு அரை மணி நேரம், இரண்டு போன் அழைப்புகள்.

நான் சம்பளம் வாங்கும் இடத்திலும் இப்போது எங்கள் ஷிப்டில் நாங்களே இதைத் தொடங்கியிருக்கிறோம். கனமான அழைப்புக்குப் போனவர்களை, மூன்றாம் நாள் யாராவது ஒருவர் கூப்பிட்டுப் பேசுவோம். அரை மணி நேர ஓய்வு எல்லா நாளும் கிடைப்பதில்லை. வண்டிகள் குறைவு, அழைப்புகள் அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நல்லவர்கள் ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் வேலையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நரம்பைப் பார்த்த மாத்திரத்தில் ஊசி ஏற்றும் கை, பயந்த குழந்தையைப் பேச்சிலேயே அடக்கும் குரல், இவையெல்லாம் அவர்களோடு வெளியேறிவிடுகின்றன. புதிதாக ஒருவரை அந்த இடத்துக்குக் கொண்டுவர இன்னொரு ஐந்தாறு ஆண்டு வேண்டும்.

போன மாதம் எங்கள் தன்னார்வக் குழுவில் ஒரு பெண் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. முதல் இரவு முழுக்க ஓர் அழைப்பும் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துபோய்ப் பையை மறுபடி இறக்கி வைத்து, சிலிண்டரைத் திறந்து பார்த்தாள். “அண்ணா, நாம எடுக்கவே இல்லையே, எதுக்குத் திரும்பப் பார்க்கணும்னு கேட்கமாட்டீங்களா?” என்றாள். கேட்கமாட்டேன் என்றேன். முள் பாதிக்கும் கீழே இருந்தது. வால்வு சரியாக மூடாமல் இரவெல்லாம் கசிந்திருக்கிறது. அதைக் கழற்றி, பழுது என்று சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டி, அதையும் திறந்து பார்த்தாள்.